ஒரு நாள் மட்டும் இருந்த மகளுக்கு வருஷம் வருகிறது: நீங்கள் என்ன செய்தீர்கள்?

வைகைக்கரை:

போன ஆவணியில் எங்கள் இரண்டாவது மகள் பிறந்தாள். மறுநாள் சாயங்காலம் போய்விட்டாள். ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே தெரிந்த விஷயம்தான், டயாஃப்ரமேட்டிக் ஹெர்னியா. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தில் இடது பக்கம் ஓட்டை. குடல் அது வழியாக மேலே ஏறி, நுரையீரல் வளர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆபரேஷன் செய்து பிழைத்த குழந்தைகள் நிறைய உண்டு என்று டாக்டர் சொன்னார். எங்களுக்குக் கல்லீரலும் சேர்ந்து ஏறியிருந்ததால் உறுதி எதுவும் சொல்லவில்லை. ஆபரேஷன் வரைக்கும் போகவே இல்லை. பிறந்த உடனே குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்துவிட்டார்கள். அதனால் அவள் அழுத சத்தத்தை நான் கேட்டதில்லை.

கேட்க வந்தது இதுதான். சின்னக் குழந்தைக்குத் திதி கிடையாது, படம் மாட்டக் கூடாது, பேச்சே எடுக்காதே, பெரியவளுக்கு ஆகாது என்று அம்மாவும் அத்தையும் ஒரே குரலில் சொல்கிறார்கள். வேறு எந்த விஷயத்திலும் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது கிடையாது. வீட்டுக்காரர் வாயே திறப்பதில்லை. வாங்கி வைத்திருந்த துணிமணியை நான் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது அவள் காலில் கட்டியிருந்த அட்டை ஒன்றுதான், அதிலும் இருப்பது என் பெயர். அந்த நாளில் நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்? ஏதாவது செய்யலாமா, இல்லை, சும்மா இருந்துவிடுவதுதான் நல்லதா?

இன்னொன்று. மாசமாக இருக்கும்போது ஸ்கூட்டர் ஓட்டினேன், அதனால்தான் இப்படி ஆச்சு என்ற பேச்சு இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பழைய செவிலி:

பச்சைக் குழந்தை வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் அந்த ஸ்கூட்டரை முடித்துவிடுவோம். உதரவிதானம் மூடிக்கொள்வது மூன்றாம் மாதம் முடிவதற்குள். அப்போது மூடாமல் போனதுதான் ஓட்டை. அதற்குப் பிறகு நீ ஸ்கூட்டர் ஓட்டினாலும் ஏணி ஏறினாலும் மூடியது திறக்காது, திறந்திருப்பது மூடவும் செய்யாது. கர்ப்பிணி கிரகணத்தில் வெளியே வந்தால் பிள்ளைக்குக் குறை வரும் என்ற கதையும் இதே ரகம்தான். மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழல், கரு தரித்த நாலு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனதே பல பேருக்கு அப்போதுதான் தெரியும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கச் சொல்வது அதனால்தான்.

ஆனால் இதை உன் மாமியாரிடம் நீ விளக்காதே, எடுபடாது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப்போய், டாக்டர் வாயாலேயே கேட்க வை. வெள்ளைக் கோட்டுக்கு இருக்கிற மரியாதை மருமகளுக்குக் கிடையாது.

கால் அட்டையை இன்றைக்கே போட்டோ எடுத்து இரண்டு இடத்தில் வை. மை மங்கும். லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகாதே. சில அட்டைகள் சூடு பட்டால் கறுத்துவிடும். பிறகு ஆஸ்பத்திரியில் மனு எழுதிக் கொடுத்து அவளுடைய கேஸ் ஷீட் நகலை வாங்கு. பிறந்த நேரம், எடை, எந்த மணிக்கு என்ன செய்தார்கள் எல்லாம் அதில் இருக்கும். அடுத்த பிள்ளைக்கு ஸ்கேன் பார்க்கிறவருக்கும் அது வேண்டும்.

நாலுகால் மண்டபம்:

வயதில் பெரியவன் என்ற உரிமையில் சொல்கிறேன் அம்மா. ஒரு நாள் இருந்த உயிருக்கு வருஷம் எதற்கு? பெரியவளைப் பார், அடுத்ததைப் பெற்றுக்கொள். பல் முளைக்காத பிள்ளைக்குத் தகனம் இல்லை, திவசம் இல்லை என்று முன்னோர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். கிளறிக்கொண்டே இருந்தால் புண் ஆறாது.

கரிசல்காட்டுப் பேத்தி:

ஐயா, முன்னோர்கள் என்றீர்கள், அதனால் என் அப்பத்தாவை அழைக்கிறேன். "ஒனக்கு எத்தன புள்ளைக?" என்று யார் கேட்டாலும், "ஒம்பது பெத்தேன், அஞ்சு தங்குச்சு" என்பாள். கேட்டவர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவராக இருந்தாலும் சரி. தங்காத நாலு பேரையும் வரிசையாகச் சொல்வாள். எது எந்தப் பஞ்சத்தில் பிறந்தது, எது மூச்சு விடாமலே போனது, எதற்கு உதடு பிளந்திருந்தது என்று. கடைசியாகத் தங்கியவர் என் அப்பா. அவரைக் குப்பையில் புரட்டி, பக்கத்து வீட்டுக்காரியிடம் தவிட்டுக்கு விற்று, மறுபடி வாங்கி, குப்புசாமி என்று பெயர் வைத்தாள். எங்கள் பக்கம் பிச்சை, குப்பம்மாள், தவிட்டுராசு என்று எத்தனை பேர்! அந்தப் பெயரில் ஒருவர் இருந்தால் அவருக்கு முன்னால் ஒரு குழந்தையாவது போயிருக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

திவசம் கொடுக்கவில்லை, உண்மைதான். ஆனால் பேச்சே எடுக்காதே என்று அப்பத்தாவிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது. அவளிடமிருந்து அதை எதிர்பார்த்தவர்களும் இல்லை. இந்த வாயடைப்பு எல்லாம் பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு வந்தது என்றே நினைக்கிறேன். வீட்டில் பிறந்து வீட்டில் போனதை எல்லோரும் பார்த்தார்கள். இப்போது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நடக்கிறது, பார்த்தது இரண்டு பேர். மற்றவர்களுக்கு அது நடக்காத மாதிரி.

கொங்குத்தென்றல்:

வீட்டுக்காரர் வாய் திறப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

எங்கள் பையனுக்கு எட்வர்ட்ஸ் சிண்ட்ரோம். 18ஆம் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. இதயத்தில் ஓட்டை, எடை ஏறவே இல்லை, கை இரண்டும் இறுக மூடி விரல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறியிருக்கும். பனிக்குட நீர் எடுத்துப் பரிசோதித்து முடிவு கைக்கு வரும்போது ஏழு மாதம் தாண்டிவிட்டது.

மனைவிக்கு சிசேரியன். அவள் மேல்மாடி வார்டில், பையன் கீழே பச்சைக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியூவில். இரண்டு பேரையும் பார்த்தது நான் ஒருவன்தான். மூன்றாம் நாள் விடிகாலையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். ஒன்றே முக்கால் கிலோ. மாமா வண்டி ஓட்ட, நான் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஸ்பீட் பிரேக்கர் வரும்போதெல்லாம் மாமா பிரேக்கை அழுத்தி மெதுவாக ஏற்றினார், தூங்குகிற குழந்தை முழித்துவிடும் என்பது போல. மயானத்தில் குழி வெட்டியவர் "பால் கொண்டாந்தீங்களா" என்று கேட்டார். யாருக்கும் தோன்றவில்லை. அவரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடைக்குப் போய் அரை டம்ளர் வாங்கி வந்தார், காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டு, இட்லி கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனைவி "எங்க வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு அவனைப் பற்றி நாங்கள் பேச வெகுகாலம் ஆனது.

யோசித்துப் பார்த்தால், எனக்குத் தெரிந்த பாதி அவளுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்த பாதி எனக்குத் தெரியாது. வயிற்றில் அவன் எந்நேரம் உதைப்பான் என்பது அவளுக்குத் தெரியும். எந்த வேப்ப மரத்துக்கு எத்தனை அடி தள்ளி இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்காரரிடம் "என்ன செய்யலாம்" என்று கேட்டால் பதில் வராது, எங்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. "அந்த இடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்று கேட்டுப் பாருங்கள். பெண்கள் மயானத்துக்குப் போகக் கூடாது என்பார்கள். என் மனைவி போனாள், ஒன்றும் ஆகவில்லை. மாநகராட்சி ரசீதில் எந்த மயானம், என்ன தேதி என்று இருக்கும். அதை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வைகைக்கரை:

தத்தனேரி என்று மட்டும் தெரியும் அண்ணா. அதுவும் பெரியவள் அவளுடைய சித்தப்பா பேசியதைக் கேட்டு வந்து சொல்லித் தெரியும். ரசீது இருக்கிறதா என்று இன்றைக்குக் கேட்கிறேன்.

யாழ்வாசி:

வாசிச்சுக்கொண்டு இருக்கிறன், நானும் எழுதவேணும் போல கிடக்கு. எனக்கு மூளையும் மண்டையோடும் வளராத பிள்ளை, அனன்கெஃபலி. இலங்கையில் இன்றைக்கும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைதான். தாயின்ர உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் கருவைக் கலைக்கலாம். பிள்ளை தங்காது என்று தெரிஞ்சாலும் சட்டத்துக்கு அது காரணம் இல்லை. ஆகவே தெரிஞ்சுகொண்டே கடைசி வரைக்கும் சுமந்தன். கிளினிக்கில மற்ற அம்மாமாரோட ஒரே வாங்கில இருந்து, "எப்ப திகதி?" என்று கேட்கிறவைக்கெல்லாம் திகதி சொல்லிக்கொண்டு.

அந்தச் சட்டம் சரி என்று நான் சொல்லமாட்டன். என்னைப்போல எல்லாரும் சுமக்கவேணும் என்றும் சொல்லமாட்டன். ஆனால் அந்த மாதங்களில ஒரு தொப்பி பின்னினன். ஒரு மணித்தியாலம் மட்டில உயிரோட இருந்தவர். நேர்ஸ் மிஸ் தொப்பியைப் போட்டு, முகம் மட்டும் தெரியிற மாதிரித் துணியால சுத்தித்தான் கையில தந்தவ. மூக்கு அப்படியே தகப்பன்ர மூக்கு. நாங்கள் கத்தோலிக்கர். அவசரத்துக்கு யாரும் ஞானஸ்நானம் குடுக்கலாம் எண்டதால அந்த மிஸ்ஸே தண்ணி தெளிச்சுப் பேர் சொன்னவ. நவம்பர் 2ஆம் திகதி மரிச்ச எல்லாருக்கும் சேமக்காலையில (கல்லறைத் தோட்டத்தில) மெழுகுதிரி கொளுத்தேக்க அவருக்கும் கொளுத்துவம். எங்களுக்கு நாள் தேடுற கஷ்டம் இல்லை, அது ஒரு புண்ணியம்.

நெய்தல்:

யாழ்வாசி அக்கா எழுதியதைப் படித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எங்களுக்கும் அதே அனன்கெஃபலிதான். நாங்கள் ஐந்தாம் மாதத்தில் நிறுத்திவிட்டோம். இந்தியாவில் 2021 திருத்தத்துக்குப் பிறகு, குழந்தைக்குப் பெரிய குறை இருந்தால் 24 வாரம் தாண்டியும் மருத்துவ வாரியம் பார்த்து அனுமதிக்கலாம். எங்களுக்கு அதற்கு முன்பே தெரிந்ததால் அவ்வளவு தூரம் போகவில்லை. பிறந்து போன குழந்தைகளின் இழையில் நான் எழுதலாமா?

வைகைக்கரை:

எழுதுங்கள். யார் வரலாம் என்று இங்கே யாரும் வாசலில் நிற்கவில்லை.

யாழ்வாசி:

ஓம் தங்கச்சி. ரெண்டு பேருக்கும் ஒரே நோவுதான்.

கடையநல்லூர்க்காரன்:

எங்களில் மூச்சு விட்டுப் பிறந்த குழந்தை என்றால், ஒரு நிமிடம் இருந்தாலும் பெயர் வைத்து, குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, இறுதித் தொழுகையான ஜனாஸா தொழுதுதான் அடக்குவோம். என் தங்கை மகனுக்கு அப்படிச் செய்தோம். தொழுகைக்கு வந்தவர்கள் அன்றைக்கு அவன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இன்றைக்கும் ஜமாஅத்தில் சில பேர் என் மச்சானிடம் அந்தப் பெயரைச் சொல்லி விசாரிப்பார்கள். தங்கைக்கு அது பெரிய ஆறுதல். உங்கள் மகளுக்குப் பெயர் வைத்தீர்களா சகோதரி?

வைகைக்கரை:

வைத்தோம். வீட்டில் யாரும் சொல்வதில்லை. இங்கே எழுதவும் இப்போதைக்கு மனம் வரவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

லண்டன் குளிர்:

இங்கே நடைமுறை வேறு. பிறந்து போகும் குழந்தையை அம்மா பக்கத்திலேயே வைத்திருக்கக் குளிர்த்தொட்டில் பல ஆஸ்பத்திரிகளில் உண்டு. அவசரப்படுத்த மாட்டார்கள். கைத்தடம், கால்தடம், ஒரு கற்றை முடி, சின்னப் பொம்மை இரண்டு எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு மிட்வைஃப் கையில் கொடுத்தார். பொம்மை ஒன்று குழந்தையோடு போகும், இன்னொன்று நம்மிடம். 1978இல் தொடங்கிய சேண்ட்ஸ் என்ற அமைப்பு இதற்கென்றே இருக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து பிள்ளையை இழந்த பெற்றோருக்கு இரண்டு வாரம் விடுப்பு சட்டப்படி. அக்டோபர் 15 அன்று இரவு 7 மணிக்கு உலகம் முழுக்க இந்தக் குழந்தைகளுக்காக மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நாங்கள் காமாட்சி விளக்கு ஏற்றுகிறோம். ஊரில் இருக்கும் என் அம்மா, அவருக்கு இதெல்லாம் பிடிக்காது, ஆனால் அன்றைக்குப் போன் செய்து "வெளக்கு வெச்சியா" என்று மட்டும் கேட்பார்.

நாலுகால் மண்டபம்:

நம்மூர் அரசு ஆஸ்பத்திரியில் கூட்டம் நிற்க இடமில்லை. அங்கே போய்ப் பெட்டி, பொம்மை என்றால் நடக்கிற காரியமா?

பழைய செவிலி:

பெட்டி நடக்காது ஐயா, அது சரி. ஆனால் கால்தடம் எடுக்க ஸ்டாம்ப் பேட் போதும், ஒவ்வொரு வார்டு மேஜையிலும் ஒன்று கிடக்கிறது. நாங்கள் சிலர் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். யாரும் எங்களைத் தடுக்கவில்லை, யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவும் இல்லை.

இங்கே யாரும் எழுதாத ஒன்றை எழுதுகிறேன், ஆண்களும் படிக்கட்டும். பால். குழந்தை இல்லை என்று மார்புக்குத் தெரியாது. இரண்டு மூன்று நாளில் கட்டிக்கொள்ளும், காய்ச்சல் வரும். துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள், சீழ் பிடிக்கலாம். தாங்கும் அளவுக்குக் கொஞ்சமாகப் பீய்ச்சிவிட்டு, குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். பால் வற்ற மாத்திரை உண்டு, இரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு ஆகாது, டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்க வேண்டாம். மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது நம் பாட்டிகள் வழி. அதை மாத்திரையோடு ஒப்பிட்டு 1988இல் ஆராய்ச்சிக் கட்டுரையே வந்தது, பூவும் வேலை செய்தது. வற்ற வைக்க மனமில்லாதவர்கள் தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்கலாம். குறைமாதக் குழந்தைகளுக்குப் போகும்.

நெய்தல்:

எனக்கும் மல்லிகைப்பூதான் கட்டினார்கள். இன்றைக்கும் தலையில் வைக்க முடியவில்லை. கல்யாண வீட்டில் பூ கொடுத்தால் கனகாம்பரம் இருக்கிறதா என்று கேட்கிறேன், திமிர் பிடித்தவள் என்று பெயர்.

கோப்புக் குமாஸ்தா:

உணர்ச்சி எழுதத் தெரியாது, காகிதம் தெரியும். பிறந்து ஒரு மூச்சு விட்டிருந்தாலும் பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாளுக்குள் பதிய வேண்டும், 1969ஆம் ஆண்டுச் சட்டம். வேலை மிச்சம் என்று "இறந்தே பிறந்தது" என எழுதிவிடலாமா என்று சில இடங்களில் கேட்பார்கள். சம்மதிக்காதீர்கள். அது தனிப் படிவம், உங்கள் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வராது. பதியும்போதே பெயரையும் சொல்லிவிடுங்கள்.

விடுப்பு: மத்திய அரசுப் பெண் ஊழியருக்குக் குழந்தை பிறந்த 28 நாளுக்குள் இறந்தாலும், இறந்தே பிறந்தாலும் 60 நாள் சிறப்பு விடுப்பு, 2022 செப்டம்பர் 2ஆம் தேதி உத்தரவு. தனியார் கம்பெனிகள் "குழந்தைதான் இல்லையே, திங்கட்கிழமை வந்துவிடு" என்பார்கள். 1961ஆம் ஆண்டுப் பேறுகால நலச் சட்டத்திலிருந்தே, குழந்தை என்றால் இறந்து பிறந்த குழந்தையும் சேர்த்திதான் என்று இருக்கிறது. அச்சடித்து எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி பிக்மி (கர்ப்பிணி, குழந்தை விவரங்களை வைத்திருக்கும் தமிழக அரசின் பதிவேடு) பதிவில் இறப்பை ஏற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 45ஆம் நாள் தடுப்பூசிக்குக் கூப்பிடுவார்கள்.

வைகைக்கரை:

கூப்பிட்டார்கள். நான்தான் எடுத்தேன். அந்த அம்மா பாவம், விஷயம் தெரிந்ததும் போனிலேயே அழுதுவிட்டார். ஒரு வகையில், என் வீட்டுக்கு வெளியே அவளுக்காக அழுத ஒரே ஆள் அவர்தான்.

ரசீது கிடைத்தது கொங்கு அண்ணா. வீட்டுக்காரர் பர்ஸிலேயே இருந்தது, ஆர்சி புத்தகத்துக்குப் பின்னால். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றார். பெரியவளையும் கூட்டிப்போகலாமா என்று அவரே கேட்டார். அதில்தான் எனக்குக் குழப்பம். அவளுக்கு ஆறு வயது.

கொங்குத்தென்றல்:

எங்கள் மகளையும் கூட்டிப்போனோம். "இது யாரு வீடு?" என்று பக்கத்துக் கல்லறைகளை எல்லாம் விசாரித்தாள். திரும்பும்போது பஜ்ஜி வேண்டும் என்றாள். நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை.

நாலுகால் மண்டபம்:

மயானத்துக்குச் சின்னப் பிள்ளை வேண்டாம் என்பது இப்போதும் என் கருத்து. மற்றபடி, கரிசல்காட்டு அம்மா சொன்னதை யோசித்துக்கொண்டிருந்தேன். என் அக்கா பெயர் பிச்சம்மாள். ஏன் என்று நான் கேட்டதே இல்லை, கேட்க இப்போது வீட்டில் யாரும் இல்லை.

ஆடிப்பெருக்கு:

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எனக்கு இப்போது 36ஆவது வாரம். குழந்தைக்கு இரண்டு சிறுநீரகமும் இல்லை. குழந்தையின் சிறுநீர்தான் பனிக்குட நீர் என்பதே எனக்கு இதற்கு முன் தெரியாது. நீர் இல்லாததால் நுரையீரல் வளரவில்லை, பிறந்தால் சில மணி நேரம் என்கிறார்கள். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். எதை எடுத்துப்போவது, யாரிடம் என்ன கேட்பது என்று யாராவது சொல்லுங்கள். வீட்டில் கேட்டால் அழுகிறார்கள்.

பழைய செவிலி:

கண்ணு, பிரசவத்துக்கு முன்பே குழந்தை டாக்டரை ஒரு முறை நேரில் பாருங்கள். பிரசவ டாக்டர் வேறு, இவர் வேறு. குழாய் போட வேண்டாம், சூடாக என் நெஞ்சில் வைத்தால் போதும் என்பது உங்கள் முடிவானால், அதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் அந்த நேரம் டியூட்டியில் இருப்பவர் தனக்குத் தெரிந்ததைத்தான் செய்வார். வீட்டுக்காரரை உள்ளே விடுவார்களா என்றும் அப்போதே கேளுங்கள். குழந்தை அழுமா, வலிக்குமா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

எடுத்துப்போக: துவைத்த மெல்லிய பருத்திச் சேலைத் துண்டு இரண்டு, ஒன்று குழந்தையோடு போகும். குட்டிச் சட்டை, தொப்பி. சார்ஜ் ஏற்றிய போன், படம் எடுப்பதற்கென்று ஒரு ஆள், அழாத ஆளாகப் பாருங்கள். படத்தை உடனே பார்க்க வேண்டியதில்லை, யாரிடமாவது இருக்கட்டும். ஸ்டாம்ப் பேட், வழுவழுப்பு இல்லாத கெட்டி அட்டை. மை அதிகமானால் ரேகை தெரியாது. முதலில் உங்கள் வீட்டுக்காரரின் பெருவிரலில் வைத்துப் பழகச் சொல்லுங்கள்.

பையனா பெண்ணா என்று ஸ்கேனில் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு பெயரும் தயாராக இருக்கட்டும்.

ஆடிப்பெருக்கு:

வியாழக்கிழமை குழந்தை டாக்டரைப் பார்க்கப் போகிறோம் அக்கா. பெண் பெயர் முடிவாகிவிட்டது. பையன் பெயருக்குத்தான் எனக்கும் அவருக்கும் இன்னும் சண்டை. புதன்கிழமைக்குள் முடித்துவிடுகிறோம்.